ஓடைத் தண்ணீரில் உரம் எவ்வளவு? மலையகத்தில் ஒளியுணரிப் பெட்டி செய்யப் புறப்படுபவருக்கு

கந்தப்பளை, சீதாஎலிய, வெலிமடைப் பக்கம் மரக்கறி போடுகிறவர்களைக் கேட்டால், இந்தப் போகத்துக்கு எத்தனை மூடை உரம் இறங்கியது என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். அதில் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் போனது எவ்வளவு, மழையோடு கானில் இறங்கி ஓடைக்குப் போனது எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்தான். காசும் போகும், நாளும் போகும், கடைசியில் கையில் கிடைப்பது ஒரு நாளின் ஒரேயொரு எண். ஓடையோ காலையில் ஒரு மாதிரி, மழை விட்டபின் வேறு மாதிரி. அதனால்தான் விளக்கு, உணரி, பற்றரி, பதிவு எல்லாம் ஒன்றாக அடங்கிய ஒரு சின்னப் பெட்டியைக் கரைக்கே தூக்கிப் போய் அளப்பதில் அர்த்தம் இருக்கிறது.

உயர்தர விஞ்ஞான மாணவர்கள், ஆசிரியர்கள், சாலிடரிங் தெரிந்த இளைஞர்கள் இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இலத்திரனியல் பகுதியை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். காலம் பிடிப்பது, வருகிற எண்ணை நம்பலாமா என்று தெரிந்துகொள்வதற்குத்தான். கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

ஒளி எப்படி அளக்கிறது

பிளேன்டீயைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சாயம் கூடினால் வெளிச்சம் குறையும். பெட்டிக்குள் நடப்பதும் இதுதான். ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளியுணரி, நடுவில் தண்ணீர். எவ்வளவு ஒளி நடுவில் நின்றுபோனது என்பதிலிருந்து செறிவைக் கணக்கிடுகிறோம். பாடப்புத்தகத்து பியர்–லம்பேர்ட் விதி இதுதான்: உறிஞ்சல், செறிவுக்கும் ஒளி கடக்கும் பாதையின் நீளத்துக்கும் நேர்விகிதம்.

களத்தில் பயன்படும் ஒளியுணரிகள் மூன்று விதம். தண்ணீரை அப்படியே பார்ப்பது ஒன்று. கலங்கலை அளக்கும் கருவிகள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, 90 பாகையில் சிதறி வருவதை எண்ணுகின்றன. வினைபொருள் கலந்து நிறம் வரவைத்து அந்த நிறத்தை அளப்பது இரண்டாவது. நைத்திரேற்று, பொசுபேற்று போன்ற நிறமற்ற பொருட்களுக்கு இதுவே வழி. மூன்றாவதில், ஒளிரும் சாயம் பூசிய ஒரு மெல்லிய படலம் தண்ணீரில் படும். கரைந்திருக்கும் ஒட்சிசன் கூடக்கூட அதன் ஒளிர்வு குறையும்.

மூன்றாவது வகையைக் கடையில் வாங்கி வருபவர்களுக்கு ஒரு விஷயம். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் எண்பது வீதம்தான். 15 பாகை செல்சியஸில் சுத்தமான தண்ணீர் கடல்மட்டத்தில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைப் பிடித்துவைக்கும். நுவரெலியாவில் 8ஐ ஒட்டியே நிற்கும். கருவியில் உயரத் திருத்தம் செய்யாமல் 8 என்று பார்த்துவிட்டு, ஓடை கெட்டுப்போச்சு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

எதில் தொடங்குவது?

பொசுபேற்றில். நைத்திரேற்றைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் அதை நிறமாக்க, முதலில் துத்தநாகமோ கட்மியமோ கொண்டு நைத்திரைற்றாக மாற்றவேண்டும். கட்மியம் நச்சு உலோகம், பழகாத கைக்கு ஏற்றதல்ல. துத்தநாகத்தோடு முடியும் என்றாலும், எவ்வளவு மாறியது என்பது வெப்பநிலைக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஆடும்.

பொசுபேற்றுக்கு 1962இல் மர்ஃபியும் ரைலியும் வெளியிட்ட மொலிப்டினம் நீல முறை இன்றும் உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. அந்த நீலம் அதிகமாக உறிஞ்சுவது 880 நானோமீற்றரில், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில். இது நம் மலைகளுக்கு வாய்ப்பான விஷயம். காட்டோரத்து ஓடைகளில் இலைச்சாறு இறங்கி இளம் பழுப்பு நிறம் இருக்கும். ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கழுவின தண்ணீர் சேரும் கானிலும் அப்படித்தான். அந்தப் பழுப்பு நீல ஒளியையும் பச்சை ஒளியையும் குழப்பும், 880இல் அநேகமாக எட்டியே பார்க்காது.

ஒரு எல்லையை இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்த முறை கரைந்திருக்கும் பொசுபேற்றை மட்டும் காணும். பொசுபேற்று மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் பொருள். அடைமழையில் சரிவு மண் கரைந்து ஓடை செம்மண் நிறத்தில் வரும்போது, கூடுதலான பொசுபரசு அந்த மண்துகள்களோடுதான் போகும். வடித்துவிட்டு அளந்தால் உங்கள் எண் சின்னதாகவே இருக்கும். மொத்தப் பொசுபரசு வேண்டுமென்றால் மாதிரியை அமிலத்தோடு சூடாக்கிச் சிதைக்கவேண்டும், அது ஆய்வுகூட வேலை. பூச்சிமருந்து, களைக்கொல்லி எதையும் இந்தப் பெட்டி காணாது. கிருமியையும் காணாது. பீலித் தண்ணீரை (குழாயில் இறக்கிய ஊற்று நீரை) கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும், பெட்டி என்ன எண் காட்டினாலும்.

பெட்டியைக் கட்டுதல்

தேவையானவை: 880 நானோமீற்றர் அகச்சிவப்பு எல்இடி ஒன்று (850 கிடைத்தாலும் ஓடும், உணர்திறன் கொஞ்சம் குறையும்), ஓபிடி 101 என்ற ஒளியுணரிச் சில்லு, ஏடிஎஸ் 1115 என்ற 16 பிட் மாற்றி (உணரியின் வோல்ற்றளவை எண்ணாக்குவது), நிரலை ஓட்டும் சின்னப் பலகையான ஆர்டுயினோ நானோ ஒன்று, சின்னத் திரை, பற்றரி. ஓபிடி 101க்குள் ஒளி டயோடும் பெருக்கியும் சேர்ந்தே இருப்பதால் புதியவருக்குத் தலைவலி குறைவு. ஆர்டுயினோவின் சொந்த 10 பிட் மாற்றி 1,024 படிகளோடு நின்றுவிடும். நாம் தேடுவது ஒன்றிரண்டு வீத மாற்றம் என்பதால் தனி மாற்றிக்குச் செலவழிப்பது வீண் இல்லை.

எல்இடிக்கு 5 வோல்ற்றிலிருந்து 180 ஓம் தடை போட்டால் 20 மில்லிஅம்பியர் போகும். எரிகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. கைபேசியின் முன்பக்கக் கமராவில் பாருங்கள், பெரும்பாலான போன்களில் மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும்.

தண்ணீர் வைக்க 1 சென்ரிமீற்றர் சதுரப் பிளாஸ்ரிக் கியூவெட் போதும். அதன் ஒரு பக்கத்தில் நிரந்தர மையால் புள்ளி வைத்து, ஒவ்வொரு முறையும் புள்ளி எல்இடிப் பக்கம் பார்க்கிற மாதிரியே இறக்குங்கள். வட்டக் குப்பி பாவித்தால் இது இன்னும் முக்கியம், கண்ணாடி வளைவு ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். கியூவெட் அசையாமல் இறுக்கமாக உட்காரவேண்டும். பெட்டியின் தரத்தைத் தீர்மானிப்பதில் எந்தச் சில்லை விடவும் இந்தக் குழிக்குத்தான் பங்கு அதிகம்.

அடுத்தது இருட்டு. கறுப்புப் பிளாஸ்ரிக் எல்லாம் அகச்சிவப்புக்குக் கறுப்பு அல்ல. கண்ணுக்குக் கரியாகத் தெரியும் சில பிளாஸ்ரிக் 880இல் கண்ணாடி மாதிரி ஒளியை விட்டுவிடும், முப்பரிமாண அச்சில் எடுத்த பெட்டிகளும் சேர்த்துத்தான். சோதனை சுலபம். மூடியைப் போட்டு, எல்இடியை அணைத்து, வீட்டுக்குள் ஒரு வாசிப்பு, வெயிலில் ஒரு வாசிப்பு எடுங்கள். வெயிலில் எண் ஏறினால் வெளியே அலுமினியத் தாள் சுற்றி, அதன்மேல் ஒட்டுநாடா போடுங்கள்.

நிரல் எழுதும்போது ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் எல்இடியை அணைத்து ஒரு இருள் வாசிப்பு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எல்இடியை ஏற்றி ஓரிரு நொடி நிலைப்பட விட்டு, ஐம்பது வாசிப்பின் சராசரி. எல்இடி சூடானால் மங்கும், குளிர்ந்தால் பிரகாசிக்கும். தை மாதம் விடிகாலையில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிகிற அன்றைக்கும், மத்தியானம் வெயில் ஏறிய பிறகும், ஒரே எல்இடி ஒரே ஒளியைத் தராது. ஆகவே வெற்று வாசிப்பை (பொசுபேற்று இல்லாத தண்ணீரை வைத்து எடுப்பதை) வீட்டில் எடுத்துவைத்துக்கொண்டு போகாமல், கரையில் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கவேண்டும்.

கணக்கு இப்படி. இருள் 40, வெற்று மாதிரி 21,040, ஓடை மாதிரி 17,890 என்று வைத்துக்கொள்வோம். இருளைக் கழித்தால் 21,000, 17,850. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.176. அதன் மடக்கை (அடி 10) 0.07. இதுதான் உறிஞ்சல். 1 சென்ரிமீற்றர் பாதையில் பொசுபரசு லீற்றருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் உறிஞ்சல் சுமார் 0.7 வரும். அப்படியென்றால் இந்த ஓடையில் ஏறத்தாழ 0.1. உங்கள் பெட்டிக்கான சரியான எண்ணை நியமக் கரைசல்கள் (செறிவு தெரிந்த கரைசல்கள்) சொல்லும்.

வினைபொருளும் நியமக் கரைசலும்

கலவையில் சல்பூரிக் அமிலம், அமோனியம் மொலிப்டேற்று, அந்திமனிச் சேர்மம் ஒன்று, அஸ்கோர்பிக் அமிலம் (விற்றமின் சிதான்) ஆகிய நான்கும் சேரும். அமிலக் கரைசலைப் பாடசாலை ஆய்வுகூடத்தில், இரசாயனவியல் ஆசிரியரை வைத்துக்கொண்டு, கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். தண்ணீருக்குள்தான் அமிலம் ஊற்றவேண்டும், அமிலத்துக்குள் தண்ணீர் அல்ல. நான்கையும் கலந்தபின் சில மணி நேரம்தான் தாங்கும், ஆகவே அன்றன்று காலையில் கலக்குங்கள். இது வேண்டாம் என்றால், தண்ணீர்ச் சோதனைக்கென்று விற்கும் பொட்டலத் தூள்களும், மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் பொசுபேற்றுச் சோதனைப் பெட்டிகளில் பலவும், இதே நீலத்தைத் தருபவைதான். முதல் மாதத்துக்கு அதுவே நல்லது என்பேன்.

நியமக் கரைசலுக்கு, உலர்த்திய பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 0.2197 கிராமை நிறுத்து 1 லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், லீற்றருக்கு 50 மில்லிகிராம் பொசுபரசு. அதில் 10 மில்லிலீற்றரை எடுத்து 500 ஆக்கினால் 1 மில்லிகிராம். அதிலிருந்து 0.5, 0.25, 0.1, 0.05, அப்புறம் பூச்சியம் என்று ஐந்து போத்தல் செய்யுங்கள். 10 மில்லிலீற்றர் கரைசலுக்கு 1.6 மில்லிலீற்றர் வினைபொருள் விட்டு, கலக்கி, பத்து நிமிடம் கழித்து, அரை மணிக்குள் வாசியுங்கள். வரைபுத்தாளில் புள்ளி வைத்தால் நேர்கோடு வரவேண்டும். வராவிட்டால் பெட்டியைச் சந்தேகிக்கும் முன்னால் போத்தலைச் சந்தேகியுங்கள். சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம் சிலவற்றில் பொசுபேற்று உண்டு. இந்த வேலைக்கான போத்தல்களைச் சவர்க்காரம் தொடாமல், ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தால் கழுவி, வடித்த நீரில் பலமுறை அலசித் தனியே வையுங்கள். வீட்டில் யாராவது அன்பாக விம் போட்டுக் கழுவித் தந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

வடித்த நீருக்கு, வாகனப் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் அநேகமாகப் போதும். அதில் வினைபொருள் விட்டுப் பாருங்கள்; நீலம் பிடிக்காவிட்டால் சரி.

பூச்சியக் கரைசலைப் பத்துத் தடவை அளந்து, அந்த எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று நியம விலகல் கணக்கிடுங்கள். அதன் மூன்று மடங்குக்குக் கீழே எது வந்தாலும் "காணப்படவில்லை" என்றுதான் கொப்பியில் எழுதவேண்டும். இந்த ஒன்றைச் செய்யாதவர்கள் இந்தச் சிதறலை எல்லாம் மாசு என்று எழுதிவிடுவார்கள்.

கரையில்

இடத்தைத் தெரிவுசெய்வதுதான் பாதி வேலை. ஒரு தோட்டத்து ஓடை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே காட்டோரத்தில் கிளம்பும், தேயிலை மலை வழியாக இறங்கும், மரக்கறிப் பாத்திகளைத் தாண்டும், லயத்துப் பீலிக்கரையில் துணி துவைத்த தண்ணீர் சேரும், கடைசியில் ஓயாவில் விழும். இதில் காட்டோரம், பாத்திக்கு மேலே, பாத்திக்குக் கீழே, பீலிக்குக் கீழே என்று நாலு இடம் போதும். தனி எண் ஒன்றைவிட இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் உறுதியானது. ஒரே பெட்டி, ஒரே வினைபொருள், ஒரே மணி நேரம் என்பதால் பெட்டியின் பிழை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும்.

போத்தலை ஓடைத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, உங்கள் கால் கிளப்பிய சேறு உள்ளே வராமல், மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மொள்ளுங்கள். உடனே 0.45 மைக்ரோமீற்றர் ஊசிவடியால் (சிரிஞ்சில் மாட்டும் வடிகட்டியால்) வடியுங்கள். வடித்த மாதிரியில் ஒரு பங்கை வினைபொருள் இல்லாமல் வாசித்து, அந்த உறிஞ்சலைக் கழித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் கலங்கலின் பங்கு அதோடு போய்விடும். கரையில் வாசிக்க முடியாத நாளில் வடித்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் வாசிக்கலாம்.

குளிரில் நிறம் மெதுவாக வரும். காலையில் எடுப்பதென்றால் குப்பிகளைச் சுவெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டு பதினைந்து இருபது நிமிடம் காத்திருங்கள், நியமக் கரைசல் ஒன்றையும் கூடவே வையுங்கள். இன்னொரு மலையகத் தொல்லை மூடுபனி. ஓடைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும், கியூவெட்டின் வெளிப்பக்கத்தில் ஈரம் பூத்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் உணரிக்கு அதுவும் ஒரு உறிஞ்சல்தான். துடைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி துடைத்து வாசியுங்கள். இரண்டு வாசிப்பும் ஒத்துப்போகும்வரை எழுதாதீர்கள்.

அன்றைய ஒரு மாதிரியிலாவது சேர்த்துப்பார்க்கும் சோதனை செய்யுங்கள். ஓடை நீர் 9 மில்லிலீற்றரோடு 1 மில்லிகிராம் நியமக் கரைசல் 1 மில்லிலீற்றர் கலந்தால், முதல் எண்ணின் பத்தில் ஒன்பது பங்கோடு 0.1 கூடி வரவேண்டும். கிட்ட வந்தால் நல்லது. வெகுவாகக் குறைந்தால், அந்தத் தண்ணீரில் ஏதோ நிறம் வருவதைத் தடுக்கிறது.

அட்டைக் கடிக்குச் சவர்க்காரமோ உப்போ எடுத்துப் போங்கள். மேலே மழை கறுத்தால் ஓடையை விட்டு ஏறிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாளில் மாதிரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

ஆட்களிடம் முதலில் பேசிவிடுங்கள். பீலிக்கரையில் கம்பியும் பெட்டியுமாக உட்கார்ந்தால், "என்ன தம்பி, தண்ணிக்குக் கரண்டு வைக்கிறீங்களா?" என்று குடத்தோடு வரும் அக்கா கேட்கத்தான் செய்வார். பெட்டியைத் திறந்து காட்டி, நீலம் ஏறுகிற குப்பியைக் கையில் கொடுத்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: "அப்ப எங்க தண்ணி எப்படி?" அதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று போகும் முன்பே யோசித்துவையுங்கள். மரக்கறிக்காரரிடமும் இப்படியே. அவருடைய பாத்திக்குக் கீழே எண் கூடுகிறது என்றால், அது அவர் காசு கொடுத்து வாங்கிய உரம் ஓடையில் போகிறது என்று அர்த்தம். குற்றம் சாட்டுவதைவிட அந்தப் பேச்சு எடுபடும். 2021இல் இரசாயன உரத் தடை வந்தபோது பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை, உரம் என்ற சொல்லை எடுத்தாலே ஆட்கள் உஷாராகிவிடுவார்கள்.

எண் என்ன சொல்கிறது

அலகை முதலில் பாருங்கள். பொசுபரசாகச் சொன்ன 0.1, பொசுபேற்றாகச் சொன்னால் 0.3. மீன்தொட்டிப் பெட்டிகள் பொசுபேற்றாகவும் ஆய்வுகூட அறிக்கைகள் அடிக்கடி பொசுபரசாகவும் சொல்லும். இதைக் கவனிக்காமல் மூன்று மடங்கு மாசு கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

பொசுபேற்று இந்த அளவுகளில் குடிப்பவருக்கு நஞ்சு அல்ல. கேடு தேங்கிய தண்ணீருக்குத்தான். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஈசிடி) 1982இல் வகுத்த எல்லைப்படி, ஏரி ஒன்றில் மொத்தப் பொசுபரசு லீற்றருக்கு 0.035 மில்லிகிராமைத் தாண்டினால் அது பாசி பெருகும் நிலைக்கு வந்துவிட்டது. 1873இல் கட்டிய கிரகரி வாவியில் தண்ணீர் பச்சையாகிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நானு ஓயா கொத்மலை ஓயாவுக்குப் போகிறது, அங்கிருந்து மேல் கொத்மலை நீர்த்தேக்கம். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்து ஓடைகள் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி ஆற்றுக்குப் போகின்றன, அதைக் கொழும்பு குடிக்கிறது.

0.035 என்றால் 1 சென்ரிமீற்றர் கியூவெட்டில் ஒளி 5 வீதம் மட்டுமே குறையும். பெட்டி பிடித்துவிடும், ஆனால் ஓரத்தில் நின்று பிடிக்கும். அந்த அளவைச் சரியாகக் காண விரும்பினால் அடுத்த பெட்டியில் பாதையை 5 சென்ரிமீற்றர் ஆக்குங்கள், குறைவு 25 வீதத்தை எட்டும். அதிகச் செலவில்லாத மேம்பாடு இதுதான். விலையுயர்ந்த நிறமாலைச் சில்லுகள் அதற்குப் பிறகு.

ஒரு ஆண்டாவது தொடருங்கள். மேற்குச் சரிவில் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழை, பதுளைப் பக்கம் மார்கழி, தையில் வடகிழக்கு. இரண்டு பக்கத்து எண்களையும் ஒரே மாதத்தில் ஒப்பிடுவது பலன் தராது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நாள், மணி, முந்தைய நாள் மழை, பாத்தியில் உரம் போட்டார்களா, தண்ணீரின் நிறம் இவற்றை எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பல்கலைக்கழக ஆய்வுகூடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடமோ பார்க்கக் கொடுத்து ஒத்துப்பாருங்கள். குடிநீர் பற்றிய சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், ஓடையில் கழிவு விடுவதைப் பற்றி என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் போகலாம். வெறும் எண்ணோடு போகாமல், மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு, எத்தனை தடவை அளந்தோம் என்ற கொப்பியோடு போங்கள்.

வாசித்து முடித்த நீலக் கரைசலில் அமிலமும் அந்திமனியும் இருக்கின்றன. ஓடைக்கரையில் ஊற்றாமல் மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து, பெயரும் திகதியும் எழுதி, பாடசாலை ஆய்வுகூடக் கழிவோடு ஒப்படையுங்கள்.